ஒரு லிங்க்குக்கு எவ்வளவு எடை? தேடுபொறித் தரவரிசையின் உள்கணக்கு

2024 மார்ச்சில் கூகுள், தேடலை ஏமாற்றும் ஸ்பேம் உத்திகளைப் பற்றிய தன் விதிமுறைப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டது. வலைப்பக்கங்களின் பொருத்தத்தைத் தீர்மானிப்பதில் லிங்க்குகள் 'ஒரு முக்கியமான காரணி' என்று அதுவரை இருந்த வரி, 'ஒரு காரணி' என்று மாறியது. லிங்க்கின் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு சாரார் உடனே எழுதத் தொடங்கினார்கள். அதே சமயம், "ஆயிரம் பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க்) போட்டுத் தருகிறோம், முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம்" என்று ஆசை காட்டும் மின்னஞ்சல்கள் தளம் நடத்துகிறவர்களுக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்த இரண்டு பேச்சுமே தப்பு. ஏன் தப்பு என்று புரிய வேண்டுமானால், தேடுபொறிகள் லிங்க்கை எதற்காக எண்ண ஆரம்பித்தன என்பதிலிருந்து வர வேண்டும்.

சொற்களை மட்டும் நம்பிய காலம்

1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா போன்ற தொடக்கத் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சொற்களைத்தான் நம்பின. தேடிய சொல் தலைப்பில் இருக்கிறதா, எத்தனை முறை வருகிறது, எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து வரிசைப்படுத்தின. இதில் ஒரு அடிப்படைக் கோளாறு உண்டு. பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர் அந்தப் பக்கத்தின் உரிமையாளர். தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் சான்றிதழை அளவுகோலாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஒரே சொல்லை நூறு தடவை எழுதினார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைத்தார்கள்.

நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கு, கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. 1997 நவம்பர் நிலவரப்படி, முன்னணியில் இருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளில் ஒன்றே ஒன்றுதான், தன் பெயரைத் தேடினால் தன்னையே முதல் பத்து முடிவுகளுக்குள் காட்டியது.

அப்படியானால் பக்கத்துக்கு வெளியே இருக்கும் ஒரு சாட்சியம் வேண்டும். அதற்கான யோசனை கல்வி உலகில் ஏற்கெனவே இருந்தது. யூஜின் கார்ஃபீல்டு 1964இல் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை, எந்த ஆய்வுக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தொகுத்தது. 1976இல் பின்ஸ்கி, நாரின் என்ற இருவர் இன்னொரு படி மேலே போனார்கள். எல்லா மேற்கோளும் ஒன்றல்ல, மதிப்புள்ள இதழிலிருந்து வரும் மேற்கோளுக்கு மதிப்பு அதிகம், அந்த இதழின் மதிப்பும் அதற்கு வரும் மேற்கோள்களால்தான் வருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

வலையில் மேற்கோளின் இடத்தில் இருப்பது லிங்க். இது பலருக்கு ஏறக்குறைய ஒரே சமயத்தில் தோன்றியது. பிற்பாடு சீனத் தேடுபொறியான பைடுவை நிறுவிய ராபின் லீ, 1996இல் ரேங்க்டெக்ஸ் என்ற தேடுபொறியை லிங்க்குகளின் அடிப்படையில் அமைத்தார். கணினி அறிஞர் ஜான் கிளெய்ன்பெர்க், நல்ல பக்கங்களைச் சுட்டிக்காட்டும் 'ஹப்' பக்கங்களையும் அப்படிச் சுட்டப்படும் 'அத்தாரிட்டி' பக்கங்களையும் பிரித்துக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேஜும் பிரின்னும் 1996இல் தொடங்கிய வேலைதான் 'பேஜ்ரேங்க்' ஆனது.

பேஜ்ரேங்க்: நான்கு பக்கங்களை வைத்து ஒரு கணக்கு

பேஜ்ரேங்க் என்றால் 'எத்தனை லிங்க்' என்ற எண்ணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. ஒருவர் வலையில் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு லிங்க்கைச் சொடுக்கிச் சொடுக்கிப் போய்க்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 85 முறை அவர் இருக்கும் பக்கத்திலுள்ள லிங்க் ஒன்றைச் சொடுக்குகிறார். மீதி 15 முறை அலுத்துப்போய் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவுகிறார். நெடுநேரம் இப்படித் திரிந்தால், அவர் ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? அதுதான் அந்தப் பக்கத்தின் பேஜ்ரேங்க். 85 சதவீதம் என்பது அந்த ஆரம்பக் கட்டுரையில் சொல்லப்பட்ட அளவு.

எண்ணை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். மொத்த உலகத்திலும் நான்கே பக்கங்கள் இருப்பதாகக் கொள்வோம்: அ, ஆ, இ, ஈ. லிங்க்குகள் இவை:

1. 'அ' இரண்டு லிங்க் கொடுக்கிறது: ஒன்று 'ஆ'வுக்கு, ஒன்று 'இ'க்கு.
2. 'ஆ' ஒரே ஒரு லிங்க்கை 'இ'க்குக் கொடுக்கிறது.
3. 'இ' ஒரே ஒரு லிங்க்கை 'அ'வுக்குக் கொடுக்கிறது.
4. 'ஈ'யும் 'இ'க்கே கொடுக்கிறது. 'ஈ'க்கு லிங்க் கொடுப்பவர் யாருமில்லை.

மொத்தம் 100 புள்ளிகளை ஆளுக்கு 25 என்று பிரித்துக் கொடுத்து ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் தன் புள்ளிகளில் 85 சதவீதத்தைத் தன் லிங்க்குகளுக்குச் சமமாகப் பங்கு போட்டுக் கொடுக்கும். மீதி 15 சதவீதம் பொதுவில் சேர்ந்து நால்வருக்கும் சமமாகப் போகும். அதாவது, யார் லிங்க் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஆளுக்கு 3.75 புள்ளி நிச்சயம்.

முதல் சுற்றில் 'ஆ'வுக்கு 'அ'விடமிருந்து பாதிப் பங்கு, 10.625, வருகிறது, 3.75ஐச் சேர்த்தால் 14.375. 'இ'க்கு மூன்று பக்கங்களிலிருந்தும் வந்து குவிகிறது: 56.875. 'அ'வுக்கு 'இ' கொடுத்தது 21.25, கூட 3.75, ஆக 25. 'ஈ'க்கு வெறும் 3.75. அடுத்த சுற்றில் இந்தப் புதிய எண்களை வைத்து மறுபடி பங்கு போட வேண்டும். சுற்று ஏற ஏற எண்கள் ஆடுவது குறைந்து ஓரிடத்தில் நின்றுவிடும். நிற்கும் இடம் ஏறத்தாழ இது: இ 39.4, அ 37.3, ஆ 19.6, ஈ 3.75.

'அ'வையும் 'ஆ'வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வரும் லிங்க் ஒன்றே ஒன்றுதான். ஆனால் 'அ'வுக்கு 'ஆ'வைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு மதிப்பு. மூன்று லிங்க் வாங்கிய 'இ'க்கும் ஒரே லிங்க் வாங்கிய 'அ'வுக்கும் இடையில் இருப்பதோ சுமார் 2 புள்ளி வித்தியாசம்தான். 'அ'வுக்குக் கிடைத்த அந்த ஒரு லிங்க், மதிப்பு மிகுந்த பக்கம் ஒன்று வேறு யாருக்கும் பங்கு வைக்காமல் கொடுத்தது. 'ஆ'வுக்குக் கிடைத்தது பாதிப் பங்கு. 'ஈ' போன்ற, யாரும் கண்டுகொள்ளாத பக்கத்திலிருந்து வரும் லிங்க்கில் கைமாறுவது 3.2 புள்ளிகூட இல்லை.

ஆயிரம் லிங்க் தருகிறோம் என்கிறவர்கள் விற்பது பெரும்பாலும் 'ஈ' வகை லிங்க்குகளைத்தான். அவர்கள் சொல்லும் எண்ணிக்கை உண்மையாகவே இருந்தாலும் இதுதான் நிலை.

லிங்க் செய்யும் மற்ற இரண்டு வேலைகள்

மதிப்பைக் கடத்துவது மட்டும் லிங்க்கின் வேலை இல்லை.

முதலாவது, கண்டுபிடித்தல். தேடுபொறியின் கிராலர், அதாவது வலைப்பக்கங்களைத் தானாகப் போய்ப் படிக்கும் நிரல், புதிய பக்கங்களைக் கண்டடைவது பெருமளவு லிங்க்கைப் பிடித்துப் போய்த்தான். சைட்மேப் (தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியல்) கொடுக்கலாம் என்றாலும், தன் தளத்துக்குள்ளேயே எந்தப் பக்கத்திலிருந்தும் லிங்க் இல்லாத பக்கம் அனாதையாகக் கிடக்கும். வெளியிலிருந்து லிங்க் வரவில்லையே என்று கவலைப்படும் பலர், தங்கள் தளத்தில் நான்கு சொடுக்குக்கு அப்பால் புதைந்து கிடக்கும் நல்ல பக்கங்களைக் கவனிப்பதே இல்லை. முகப்புப் பக்கத்திலிருந்து ஒரு லிங்க் கொடுப்பதற்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, பொருள் சொல்லுதல். லிங்க்காக நீல நிறத்தில் தெரியும் சொற்களுக்கு ஆங்கர் டெக்ஸ்ட் என்று பெயர். இந்தச் சொற்களை அவை இருக்கும் பக்கத்தோடு மட்டும் சேர்க்காமல், அவை சுட்டும் பக்கத்தோடும் சேர்த்துப் படிக்கிறது கூகுள். 1998 கட்டுரையிலேயே இதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார்கள்: ஒரு பக்கம் எதைப் பற்றியது என்பதை அந்தப் பக்கத்தைவிட அதற்கு லிங்க் கொடுக்கிறவர் பல சமயம் துல்லியமாகச் சொல்லிவிடுகிறார். எழுத்தே இல்லாத படத்தைக்கூட இப்படித் தேடிப் பிடிக்கலாம். கிராலர் எட்டிப் பார்க்காத பக்கத்தைக்கூடக் காட்டலாம். கிராலருக்கு எங்கே வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடை போட்ட பக்கம் தேடலில் தலைகாட்டுகிறதே என்று குழம்புகிறவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தடை போட்டால் கிராலர் உள்ளே வந்து படிக்காது, அவ்வளவுதான். வேறு தளங்கள் லிங்க் கொடுத்திருந்தால் அந்த முகவரியும் ஆங்கர் டெக்ஸ்டும் கூகுளுக்குத் தெரிந்துவிடும். பக்கம் தேடலில் வரவே கூடாது என்றால் நோஇன்டெக்ஸ் குறியைப் போட வேண்டும். அந்தக் குறியைக் கிராலர் படிக்க வேண்டும் என்பதால், தடையை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

ஆங்கர் டெக்ஸ்டுக்கு எவ்வளவு பலம் என்பதை 2003இல் எல்லோரும் கண்டார்கள். 'மிசரபிள் ஃபெயிலியர்' (படுதோல்வி) என்று தேடினால் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கம் முதலில் வந்தது. அந்தச் சொற்கள் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. பலர் சொல்லிவைத்து அதே சொற்களில் லிங்க் கொடுத்ததன் விளைவு அது. 'கூகுள் குண்டு' என்று பெயர் பெற்ற இந்த வேலையை அடக்கும் மாற்றத்தைக் கூகுள் 2007 ஜனவரியில்தான் அறிவித்தது.

சாட்சியம் விலைக்கு வந்தபோது

லிங்க் நம்பகமான சாட்சியமாக இருந்ததற்குக் காரணம், அதைக் கொடுத்தவருக்கு அதில் ஆதாயம் இல்லை என்பதே. படித்தார், பிடித்தது, சுட்டிக்காட்டினார். இந்தச் சாட்சியத்தைக் கூகுள் எண்ணுகிறது என்று ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்த நிலைமை மாறிவிட்டது. தேடுபொறிகள் அதற்குப் பின் லிங்க் விஷயத்தில் செய்த மாற்றங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றியவை: இந்த லிங்க் மனதாரக் கொடுக்கப்பட்டதா, பெறுகிறவர் ஏற்பாடு செய்ததா?

கூகுளே தெரியாமல் இதற்கு எண்ணெய் ஊற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். உலாவியில் பொருத்திக்கொள்ள 2000இல் வந்த கூகுள் டூல்பார், ஒவ்வொரு பக்கத்தின் பேஜ்ரேங்கையும் 0 முதல் 10 வரை ஒரு பச்சைப் பட்டையாகக் காட்டியது. கண்ணுக்குத் தெரிகிற எண் வந்ததும் சந்தை வந்துவிட்டது. 7 உள்ள பக்கத்தில் லிங்க் போட ஒரு விலை, 5 என்றால் வேறு விலை. ஒன்றுக்கொன்று லிங்க் கொடுத்துக்கொள்வதற்கென்றே தளக் கூட்டங்கள் முளைத்தன. கருத்துப் பெட்டிகளிலும் விருந்தினர் பதிவேடுகளிலும் தானியங்கி நிரல்கள் லிங்க்குகளைக் கொட்டின. பொதுமக்கள் பார்க்கக்கூடிய அந்த எண்ணைக் கூகுள் முற்றாக நிறுத்தியது 2016இல்.

இதற்கு எதிராக வந்தவற்றில் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. நோஃபாலோ, 2005. கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து ஏற்ற குறி. 'இந்த லிங்க்குக்கு நான் பொறுப்பல்ல' என்று தளம் சொல்வதற்கான வழி. 2019 செப்டம்பரில் கூகுள் இதை விரித்தது: பணம் வாங்கிப் போட்ட லிங்க்குக்கு 'ஸ்பான்சர்டு', வாசகர்கள் போடும் லிங்க்குக்கு 'யுஜிசி'. அதோடு, இந்தக் குறிகளைக் கட்டளையாக அல்லாமல் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டது.

2. டிரஸ்ட்ரேங்க், 2004. ஸ்டான்ஃபோர்டிலும் யாஹூவிலும் இருந்த ஆய்வாளர்கள் முன்வைத்த முறை. மனிதர்கள் பார்த்துத் தேர்ந்த நம்பகமான தளங்கள் சிலவற்றை விதையாக வைத்து, அங்கிருந்து லிங்க் வழியாக நம்பிக்கையைப் பரவவிடுவது. நல்ல தளங்கள் ஸ்பேம் தளங்களுக்கு அரிதாகத்தான் லிங்க் கொடுக்கும் என்பது இதன் அடிப்படை.

3. எல்லா லிங்க்கும் சமமாகச் சொடுக்கப்படாது என்ற திருத்தம். 2004இல் விண்ணப்பித்து 2010இல் கூகுள் பெற்ற காப்புரிமை ஒன்று, பக்கத்தின் நடுவில் கண்ணில் படும் லிங்க்குக்கு ஒரு எடை, அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் லிங்க்குக்கு வேறு எடை என்ற வழியை விவரிக்கிறது. மேலே போட்ட நான்கு பக்கக் கணக்கில் 'சமமாகப் பங்கு போட்டு' என்றோமே, அந்தச் சமம் இங்கே போய்விடுகிறது.

4. பென்குவின், 2012 ஏப்ரல் 24. செயற்கையாகச் சேர்த்த லிங்க்குகளுக்காகத் தளத்தையே கீழே தள்ளிய மாற்றம். பல தளங்கள் ஒரே நாளில் காணாமல் போயின. அதே ஆண்டு அக்டோபரில், 'இந்த லிங்க்குகளை என் கணக்கில் சேர்க்காதீர்கள்' என்று சொல்வதற்கு டிஸ்அவோ கருவி வந்தது. 2016 செப்டம்பரில் வந்த நான்காம் பதிப்பிலிருந்து அணுகுமுறை மாறியது. தளத்தைத் தண்டிப்பதைவிட அந்த லிங்க்கை மதிக்காமல் விட்டுவிடுவது வழக்கமாயிற்று. 2022 டிசம்பரிலிருந்து ஸ்பேம்பிரெய்ன் என்ற இயந்திரக் கற்றல் அமைப்பும் இதைச் செய்கிறது.

இந்த நான்காவது மாற்றம் ரொம்ப முக்கியம் என்பேன். காசு கொடுத்து வாங்கிய லிங்க் முன்பு ஆபத்து. இப்போது பெரும்பாலும் வீண். ஆபத்து என்றால் வெளியே தெரியும், வீண் என்றால் தெரியாது. பணம் கொடுத்தவர் பலன் வரும் வரும் என்று மாதக்கணக்கில் காத்துக்கொண்டிருப்பார். அதற்காக ஆபத்தே இல்லை என்றும் ஆகாது. கூகுளின் ஆட்கள் நேரடியாகப் பார்த்து எடுக்கும் கைமுறை நடவடிக்கை இன்னும் இருக்கிறது.

லிங்க்கே வேண்டாம் என்று விட்டுவிட்டால்?

இவ்வளவு தொல்லை என்றால் லிங்க்கைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாமே? இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ரஷ்யாவின் யான்டெக்ஸ், 2014இல் மாஸ்கோ வட்டாரத்தின் சில வணிகத் தேடல்களுக்கு லிங்க்கை எண்ணுவதை நிறுத்தியது. 2015இல் லிங்க்கைத் திரும்பக் கொண்டுவந்து, கூடவே லிங்க் வாங்கும் தளங்களைத் தண்டிக்கும் மினுசின்ஸ்க் என்ற அமைப்பையும் இறக்கியது. கூகுளில் ஸ்பேம் தடுப்புக்குத் தலைவராக இருந்த மேட் கட்ஸும் 2014இல் இதையே சொன்னார்: லிங்க் இல்லாத ஒரு பதிப்பை உள்ளுக்குள் சோதித்தோம், தேடலின் தரம் மிகவும் கீழே போனது.

சரி, இப்போது அதன் இடம் எங்கே? தரவரிசை முறைகளைப் பட்டியலிடும் கூகுளின் பக்கத்தில் லிங்க் பகுப்பாய்வும் பேஜ்ரேங்கும் இன்றும் இருக்கின்றன. அதே நேரம், லிங்க் இப்போது முதல் மூன்று காரணிகளில் ஒன்றல்ல என்று கூகுளின் கேரி இல்யேஷ் 2023இல் சொன்னார். அமெரிக்க அரசு 2020இல் தொடுத்த ஏகபோக வழக்கில், அந்த 2023ஆம் ஆண்டே கூகுளின் பாண்டு நாயக் நேவ்பூஸ்ட் என்ற அமைப்பைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். தேடுகிறவர்கள் எந்த முடிவைச் சொடுக்கினார்கள் என்ற 13 மாதத் தரவை அது பயன்படுத்துகிறது. 1998இல் கூகுளிடம் இப்படிப்பட்ட தரவு இல்லை. வெளிச் சாட்சியம் என்றால் லிங்க்தான். இன்று வாசகரின் சொடுக்கும் ஒரு சாட்சியம்தான், பக்கத்தின் பொருளை நேரடியாகப் புரிந்துகொள்ளும் மொழி மாதிரிகளும் உண்டு. சாட்சிகள் கூடிவிட்டதால் ஒரு சாட்சியின் பங்கு குறைந்திருக்கிறது. 2024இல் அந்த ஒரு சொல் போனதை இப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. யாரும் இன்னும் சொடுக்காத புதிய பக்கத்துக்கும், அதிகம் பேர் தேடாத துறைக்கும், லிங்க்கை விட்டால் வேறு வெளிச் சாட்சியம் அதிகம் கிடையாது.

தளம் நடத்துகிறவர் எதைப் பார்க்க வேண்டும்

ஒரு லிங்க்கை மதிப்பிட, தேடுபொறியே இல்லை என்று வைத்துக்கொண்டு யோசித்தால் போதும். அப்போதும் அந்த லிங்க்கை அவர் கொடுத்திருப்பாரா? அதைச் சொடுக்கி ஒரு வாசகராவது வருவாரா? இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில் என்றால், அப்படிப்பட்ட லிங்க்கைத் தேடுபொறியும் கண்டுபிடித்து ஒதுக்கப் பார்க்கும்.

தரவரிசையை அலசும் கருவிகளை விற்கும் நிறுவனங்கள் ஒரு தளத்தின் பலம் என்று காட்டும் 'டொமைன் அத்தாரிட்டி' போன்ற எண்கள் அந்த நிறுவனங்கள் தாங்களாகப் போட்ட மதிப்பீடு. ஒப்பிட்டுப் பார்க்க உதவும். கூகுளின் எண் அவை இல்லை.

சம்பந்தமில்லாத குப்பைத் தளங்கள் நமக்கு லிங்க் கொடுப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பெரும்பாலான தளங்களுக்கு டிஸ்அவோ கருவி தேவைப்படாது என்று கூகுளே சொல்கிறது. மைக்ரோசாஃப்டின் பிங், தன் டிஸ்அவோ கருவியை 2023இல் எடுத்தே விட்டது.

உடைந்த லிங்க்குகளைக் கவனிப்பது கைமேல் பலன் தரும். முகவரியை மாற்றிவிட்டுப் பழையதை அப்படியே விட்டால், பழைய முகவரிக்கு வந்த லிங்க்குகள் எல்லாம் இல்லாத பக்கத்தில் போய் முட்டும். பழைய முகவரிக்கு வருவதைப் புதியதற்கு அனுப்பும் நிலையான 301 திருப்பிவிடுதல் போட்டால் அவை புதிய பக்கத்துக்கு வந்து சேரும்.

அப்புறம், வெளியே லிங்க் கொடுக்கப் பயப்படும் பழக்கம். 'மதிப்பு வெளியே ஒழுகிவிடும்' என்று சொல்லி, நல்ல ஆதாரத்துக்குக்கூட லிங்க் தராதவர்கள் இருக்கிறார்கள். தந்தாலும் எல்லாவற்றுக்கும் நோஃபாலோ போடுகிறார்கள். நான்கு பக்கக் கணக்கை மறுபடி பாருங்கள். எத்தனை லிங்க் கொடுத்தாலும் ஒரு பக்கம் பங்கு போடுவது அதே 85 சதவீதத்தைத்தான்; கூடுதல் லிங்க்குக்காகப் புள்ளி கழிக்கப்படவில்லை. வெளியே ஒரு லிங்க் கூடினால் தன் தளத்தின் மற்ற பக்கங்களுக்குப் போகும் பங்கு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நோஃபாலோ போட்டு அந்தப் பங்கை மிச்சம் பிடிக்கவும் வழி இல்லை. 10 லிங்க்கில் 5க்கு நோஃபாலோ போட்டால் மீதி 5க்கும் இரட்டைப் பங்கு போகும் என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. மேட் கட்ஸ் 2009இல் விளக்கியபடி, இப்போது பங்கு 10ஆகவே பிரிகிறது. நோஃபாலோ போட்ட ஐந்தின் பங்கு யாருக்கும் போகாமல் ஆவியாகிவிடுகிறது.